கசற்றுகளுக்கு வயதாகிறது

2015ஆம் ஆண்டு, கான்பராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. காந்த நாடாவில் பதிந்திருக்கும் ஒலியையும் காட்சியையும் 2025ஆம் ஆண்டுக்குள் கணினிக்கு மாற்றாவிட்டால் அவற்றில் பெரும்பகுதியை மீட்கவே முடியாது என்பது அதன் சாரம். நாடா கெட்டுப்போகிறது என்பது ஒரு காரணம். அதை ஓட்டும் கருவிகளும், அந்தக் கருவிகளைத் திருத்தத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே போகிறார்கள் என்பது மற்றக் காரணம். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு வீ.எச்.எஸ். கருவி செய்வதை நிறுத்தியது. அதற்குப் பிறகு உலகில் வேறு யாரும் செய்யவில்லை. காப்பகம் சொன்ன கெடு வந்துவிட்டது. மேற்கு சிட்னியின் வெஸ்ட்மீட்டிலும் வென்ட்வேர்த்விலிலும் பென்டில் ஹில்லிலும் எங்கள் ஈழத்தமிழர் வீட்டு அலுமாரிகளின் மேல்தட்டில் கிடக்கும் கசற்றுகளை நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

அவற்றில் இருப்பவை எவை? எண்பதுகளில் ஊரில் நடந்த ஒரு கலியாணத்தின் வீடியோ. கொழும்புக்கு வந்தவரிடம் கொடுத்தனுப்பிய, அம்மாவின் குரல் பதிந்த கசற். கோயில் திருவிழாவின் நாதசுரம். அதற்குப் பின்னால், தூரத்தில், ஷெல் விழும் சத்தம். ஒளித்து வைத்துக் கொண்டுவந்த, விடுதலைப் புலிகளின் இயக்கப் பாட்டுகள். 1990க்குப் பிறகு பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டார்கள். படம் பார்க்க அயலவர் காசு சேர்த்து ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்தார்கள். அத்தனை பாடுபட்டுக் கேட்டதும் பார்த்ததும் மனசை விட்டு லேசில் போகாது. போரைப் பற்றி நாங்கள் ஞாபகம் வைத்திருப்பதில் பாதியைப் புத்தகமோ அறிக்கையோ தரவில்லை; பாட்டும் படமும்தான் தந்தன.

ஆகவே இங்கே ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். போரைப் பேசும் பாட்டையும் படத்தையும் காப்பாற்றுவது தனி வீட்டின் வேலையோ, ஆண்டுக்கொரு முறை கூட்டம் நடத்தும் ஒரு சில அமைப்புகளின் வேலையோ ஆகாது. எங்களுக்குப் பிடித்ததைப் போலவே பிடிக்காததையும் காப்பாற்ற வேண்டும். அதை எல்லோரும் ஒரே அறையில் இருந்து பார்க்கவும் வேண்டும்.

சொல்வது எளிது. ஆனால் மேற்கு சிட்னியின் தமிழர் ஒரே போரை ஞாபகம் வைத்திருக்கவில்லை. எந்த ஆண்டில் ஊரை விட்டு வெளிக்கிட்டார்கள் என்பதைப் பொறுத்து ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு பாட்டு இருக்கிறது. எழுபதுகளில் இளைஞர்களாக இருந்தவர்களுக்கு அது பொப் இசைக் காலம். ஏ.ஈ. மனோகரன் தமிழும் சிங்களமும் கலந்து ‘சுராங்கனி’ பாடினார். ‘சின்ன மாமியே’ பாடிய நித்தி கனகரத்தினம் பின்னாளில் மெல்பேர்னுக்கே குடிவந்தார். அந்தப் பாட்டுகளில் போர் இல்லை. அவற்றைக் கேட்கும்போது இழந்தது எதுவென்று மட்டும் தெரிகிறது. 1983 ஜூலைத் தமிழர் எதிர்ப்பு வன்முறைக்குப் பின் வந்தவர்களுக்கு வானொலிச் செய்தியின் குரல். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்து செம்மணி வீதியால் நடந்தபோது கூட நடந்தவர்களுக்கு, இயக்கக் கவிஞர் புதுவை இரத்தினதுரை எழுதி எஸ்.ஜி. சாந்தன் பாடிய பாட்டுகள். 2009க்குப் பின் படகில் வந்து, விசா முடிவுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்த தம்பிமாருக்கு, கைத்தொலைபேசியில் சேமித்த வன்னிப் பாட்டுகள். இவர்கள் எல்லோரும் மேஸ் ஹில் முருகன் கோயில் வாசலில் ஒருவரையொருவர் கண்டு சுகம் விசாரிக்கிறார்கள். யாருக்கு எந்தப் பாட்டு வலிக்கும் என்பது மற்றவருக்குத் தெரியாது.

அந்த வலியை மறைத்துப் பேசிப் பயனில்லை. புதுவை இரத்தினதுரை 2009 மே மாதத்தில் சரணடைந்தவர்களோடு போனார் என்கிறார்கள். இன்றுவரை அவரைப் பற்றி ஒரு பதிலும் இல்லை. அவர் எழுதிய பாட்டைக் கேட்டுக் கண் கலங்கும் ஒரு தாய்க்கு அது களத்தில் போன மகனின் குரல். அடுத்த வரிசையில் இருக்கும் இன்னொரு தாய்க்கு அதே மெட்டு, போரின் கடைசிக் காலத்தில் இயக்கம் வீடு வீடாக வந்து பிள்ளை பிடித்த நாளை ஞாபகப்படுத்தும். யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஒருவருக்கு அந்த ஒலிபெருக்கிகள் வேறொன்றையும் சொல்லியிருக்கின்றன. 1990 ஒக்ரோபர் 30 அன்று, எல்லோரும் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வாருங்கள் என்று அறிவித்து, சில மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகும்படி புலிகள் சொன்னார்கள். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் இப்படி வெளியேற்றப்பட்டார்கள். இந்த மூவரும் ஒரே மண்டபத்தில் இருக்கும்போது எந்தப் பாட்டைப் போடுவது? போடாமல் விடுவது பதிலாகாது. என்ன பாட்டு, எந்த ஆண்டில், யாருக்காக எழுதியது, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று இரண்டு நிமிடம் சொல்லிவிட்டுப் போடுவதுதான் பதில். அந்த இரண்டு நிமிடத்தை நாங்கள் பெரும்பாலும் மிச்சம் பிடித்துவிடுகிறோம்.

பாட்டு வெறும் பாட்டுத்தானே என்பவர்களுக்கு ருவாண்டாவைக் காட்டலாம். அந்த நாட்டின் புகழ்பெற்ற பாடகர் சீமோன் பிக்கிண்டியை 1994 இனப்படுகொலை தொடர்பாக ஐ.நா. நீதிமன்றம் விசாரித்து, 2008 டிசம்பரில் 15 ஆண்டுச் சிறை விதித்தது. தண்டனை அவருடைய பாட்டுகளுக்கு விதிக்கப்படவில்லை. 1994இல் வாகனத்து ஒலிபெருக்கியில் அவர் பேசிய பேச்சுக்குத்தான். ஆனாலும் அந்தப் பாட்டுகள் என்ன செய்தன என்று நீதிபதிகள் வரி வரியாக ஆராய வேண்டியிருந்தது. பாட்டை அழிக்கச் சொல்லவில்லை. ஆராய்ந்தார்கள். எங்களுக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

படங்களுக்கு வருவோம். இங்கே பிறந்த பிள்ளைகளில் பலர் போரை முதன்முதலில் பார்த்தது மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில். அது 2002 பெப்ரவரி 14 அன்று வெளியானது. எட்டு நாள் கழித்துப் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. அழகான படம்தான், ஏ.ஆர். ரகுமானின் இசை இன்னும் மனசை உருக்குகிறது. ஆனாலும் அது சென்னையிலிருந்து பார்த்த போர். பாரிஸில் அகதியாக வாழும் ஷோபாசக்தி நடித்து, ஜாக் ஓடியார் இயக்கி, 2015இல் கான் விழாவின் தங்கப் பனையோலை விருது பெற்ற ‘தீபன்’ வேறொரு இடத்திலிருந்து பார்க்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் பல இடங்களிலிருந்து பார்த்த படங்கள் தேவை. அவற்றைக் காட்ட வேண்டியவர்கள் நாங்கள்.

அவற்றில் ஒன்று சிங்களப் படம். பிரசன்ன விதானகே 1997இல் எடுத்த ‘புரஹந்த களுவர’. போரில் இறந்த மகனின் உடல் என்று இராணுவம் மூடி முத்திரையிட்ட பெட்டியைக் கொடுக்கிறது. கண் தெரியாத கிழத் தகப்பன் நம்ப மறுக்கிறார். கடைசியில் புதைத்த பெட்டியைத் தோண்டியெடுத்துத் திறந்தால் உள்ளே உடல் இல்லை. ஜோ அபேவிக்கிரம அந்தத் தகப்பனாக நடித்ததைப் பார்த்தவர் மறக்கமாட்டார். இலங்கை அரசு இதைத் திரையிட விடவில்லை. விதானகே உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் காட்ட முடிந்தது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியிலிருந்து வீதியோரத்தில் இருந்து, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு ஒப்பாரி வைக்கும் தாய்மாரையும், அனுராதபுரத்துப் பக்கத்து வறண்ட கிராமத்தில் பெட்டியைத் தோண்டும் அந்தத் தகப்பனையும் அடுத்தடுத்து ஒரே மாலையில் காட்டினால், வெஸ்ட்மீட்டில் இருக்கும் தமிழருக்கும் சிங்களவருக்கும் பேசத் தொடங்க ஒரு இடம் கிடைக்கும்.

அதே விதானகேயின் இன்னொரு படத்தை, முன்னாள் சிங்களச் சிப்பாய்க்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் இடையிலான கதையை, 2014இல் சென்னையில் காட்டவிடாமல் எதிர்ப்பு எழுந்தது. ஜூட் ரத்னம் என்ற தமிழர் எடுத்த ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ ஆவணப்படம் 2017இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. 83 ஜூலையில் தப்பியோடிய குடும்பத்தின் கதையில் தொடங்கி, தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று கொன்றதையும் அது கேட்கிறது. 2018இல் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா அந்தப் படத்தை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிட்டது. இவை எங்கள் பக்கத்திலிருந்து வந்த தடைகள். அந்தப் படங்களில் குறை உண்டா என்றால் உண்டு; ஜூட் ரத்னத்தின் படம் அரசின் பங்கைப் போதுமான அளவு பேசவில்லை என்ற விமர்சனத்தில் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். ஆனால் அதைப் படத்தைப் பார்த்த பிறகு, அந்த மண்டபத்திலேயே எழுந்து நின்று சொல்ல வேண்டும். பாராத படத்தை எதிர்க்கும் பழக்கத்தை எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

மறுபக்கமும் சொல்ல வேண்டியது உண்டு. கலம் மக்ரேயின் ‘நோ ஃபயர் ஸோன்’ ஆவணப்படம் 2013இல் வந்தது. 2009இல் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் கடைசி மாதங்களைப் பற்றியது. அதிலுள்ள காட்சிகளில் சில, சிப்பாய்களே தங்கள் கைத்தொலைபேசியில் எடுத்தவை. அதை 2013 ஜூலையில் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக மலேசிய மனித உரிமைச் செயற்பாட்டாளர் லீனா ஹென்றி மீது வழக்குப் போட்டார்கள். 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். ஒரு படத்தைக் காட்டியதற்கு. சிட்னியில் அதைக் காட்ட யாருடைய அனுமதியும் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. எங்கள் சிங்கள அயலவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்? 2021 குடிசன மதிப்பீட்டில் அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000க்கு மேல். சிங்களம் பேசுவோரும் 85,000க்கு மேல். வெஸ்ட்மீட் மருத்துவமனையின் வார்டுகளில் இரண்டு பகுதியாரும் ஒரே ஷிஃப்டில் வேலை செய்கிறார்கள். ஒரே ரயிலில் வீடு திரும்புகிறார்கள். கிரிக்கெட், பிள்ளைகளின் படிப்பு, வீட்டு விலை, எல்லாம் பேசுகிறார்கள். போரை மட்டும் பேசுவதில்லை.

பொதுப் பொறுப்பு என்று சொல்லும்போது குற்றத்தைச் சரிபாதியாகப் பங்குபோடச் சொல்வதாக யாரும் நினைக்கக் கூடாது. ஐ.நா. பொதுச் செயலாளரின் நிபுணர் குழு 2011இல் சொன்னது, போரின் கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று. பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்த இடங்களில் ஷெல் விழுந்தது. அதற்கு ஒரு நாட்டின் அரசும் இராணுவமும் பதில் சொல்ல வேண்டும். காத்தான்குடிப் பள்ளிவாசலில் 1990 ஓகஸ்டில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டதற்கு வேறு பதில் வேண்டும். எடை வேறு, கணக்கு வேறு. ஆனால் இவை எல்லாவற்றையும் பார்க்கவும் கேட்கவும் மறுக்காமல் இருக்கும் பொறுப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு சிங்கள நண்பர் எங்களோடு வந்து ‘நோ ஃபயர் ஸோன்’ முழுவதையும் எழுந்து போகாமல் பார்த்தால், அவர் அழைக்கும் படத்துக்கு நாங்களும் போக வேண்டும்.

இது நடக்கக் கூடிய காரியம் என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று இருக்கிறது. மேற்கு சிட்னியில் வளர்ந்த எஸ். சக்திதரன் எழுதிய ‘கவுன்டிங் அன்ட் கிராக்கிங்’ நாடகம் 2019 ஜனவரியில் சிட்னி நகர மண்டபத்தில் மேடையேறியது. கொழும்பிலிருந்து பென்டில் ஹில் வரை நான்கு தலைமுறைக் கதை, பதினாறு நடிகர்கள், தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்த உரையாடல். 1956இல் தொடங்கும் மொழிச் சண்டையையும் 83ஐயும் அது ஒன்றாகப் பிணைத்தது. 2022இல் எடின்பரோவுக்கும் 2024இல் நியூயோர்க்குக்கும் போனது. எங்கள் வீடுகளில் பேசாமல் விட்டதை ஒரு மகன் தேடிப்போய் எழுதினார். அவரோடு நின்ற நடிகர்களிலும் இசைக்கலைஞர்களிலும் இரண்டு பகுதியாரும் இருந்தார்கள். பார்க்க வந்தவர்களிலும் அப்படித்தான். அது நாடகம், ஆனால் படத்துக்கும் பாட்டுக்கும் அதே பாதை பொருந்தும்.

திரும்பவும் கசற்றுகளுக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் காலம் இல்லை. நெகட்டிவ்களும் நாடாக்களும் எவ்வளவு எளிதில் போய்விடும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். 1983 ஜூலையில் ஹெந்தலையில் தமிழரான குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவுக்குத் தீ வைத்தார்கள். அங்கிருந்த படச்சுருள்களில் சிங்களப் படங்களும் எரிந்தன. சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட் அந்த வாரத்தில் கொல்லப்பட்டார். தமிழனின் கட்டடம் என்று எரித்தார்கள். சிங்களச் சினிமாவின் நினைவும் சேர்ந்து போனது. கம்போடியாவில் பொல் பொட் ஆட்சி பாடகர்களைக் கொன்றது, ஆனால் வெளியே கொண்டுபோயிருந்த இசைத்தட்டுகளும் கசற்றுகளும் அவர்களுடைய குரலைக் காப்பாற்றின. இயக்குநர் ரித்தி பான் நொம்பென்னில் 2006இல் தொடங்கிய பொப்பானா நிலையம் இன்று யாரும் போய்ப் பார்க்கக்கூடிய காட்சி ஒலிக் காப்பகமாக இருக்கிறது. இங்கே சிட்னியின் கபிரமட்டாவில் வாழும் கம்போடிய அயலவர்களிடம் கேட்டாலே அதன் அருமை தெரியும்.

எங்களிடம் நூலகம் நிறுவனம் இருக்கிறது. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கி வருகிறது, ஒலி, காட்சிப் பதிவுகளையும் சேர்க்கிறது. ஆனால் சிட்னியில் ஒரு கசற்றைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் வேண்டும். வெஸ்ட்மீட்டின் ஒரு பகுதி பரமட்டா மாநகர சபைக்கும் மறுபகுதி கம்பர்லன்ட் சபைக்கும் உரியது. இரண்டு சபைகளின் நூலகங்களுக்கும் நாங்கள் வரி கட்டுகிறோம். அவற்றில் ஒன்றில் மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு நாடா ஓட்டும் கருவி, அதைக் கணினியோடு இணைக்கத் தெரிந்த ஒருவர், அருகில் இருந்து விவரம் எழுத இரண்டு பேர் போதும். தமிழ்ப் பள்ளியில் எச்.எஸ்.சி. பள்ளி இறுதித் தேர்வுக்குத் தமிழ் எடுக்கும் பிள்ளைகள் அந்த எழுதும் வேலைக்குப் பொருத்தமானவர்கள். அப்பப்பா அம்மம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதும்போது அவர்களுக்குத் தமிழும் வரும், கதையும் வரும். கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அறிவித்தால் ஆட்கள் வருவார்கள். சிங்கள அமைப்புகளையும் அழையுங்கள். அவர்களுடைய வீடுகளிலும் 1987 முதல் 89 வரை தென்னிலங்கையில் காணாமற்போன பிள்ளைகளின் குரல்கள் இருக்கும். சில பதிவுகளைக் கேட்கும்போது ஆட்கள் உடைந்துபோவார்கள். அதற்கு 1988 முதல் சித்திரவதையும் போரும் கண்டவர்களுக்காக இயங்கும் ஸ்டார்ட்ஸ் நிறுவனத்தின் ஆலோசகர் ஒருவரை அன்று அருகில் இருக்கக் கேட்க வேண்டும்.

ஒரு விடயத்தில் அவசரம் கூடாது. கணினிக்கு மாற்றியவுடன் இணையத்தில் போட்டுவிடாதீர்கள். பதிவில் முகம் தெரியும் ஒருவர், குரல் கேட்கும் ஒருவர் இன்னும் முல்லைத்தீவில் இருக்கலாம். அங்கே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், நினைவேந்தல் படத்தை முகநூலில் போட்டதற்கே ஆட்களைப் பிடித்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பட்டியல் போதும்: எல்லோரும் கேட்கலாம், மண்டபத்தில் மட்டும் போடலாம், குடும்பம் சொல்லும்வரை பூட்டி வைக்கவும். எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று குடும்பத்தாரே தீர்மானிக்கட்டும். தீர்மானத்தைப் பின்னர் மாற்றவும் உரிமை இருக்கட்டும். சபை நூலகத்தில் அப்படி ஒரு நாள் தொடங்கும்வரை, வீட்டில் இருக்கும் கசற்றைப் பழைய றேடியோவில் போட்டுப் பார்க்காதீர்கள். நாடா ஒட்டிக்கொண்டு அறுந்தால் அவ்வளவுதான். வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். ஒரு காகிதத்தில் யார் பேசுவது, எந்த ஊர், எந்த ஆண்டு, யார் கொண்டுவந்தது என்று எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள். அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்று எங்களோடு இருக்கிறார்கள்.